ரோமர் 12:2: வாசிக்கிறேன், ஜெபிக்கிறேன், முடிவெடுக்கும்போது மட்டும் பழைய புத்தியே முன்னால் வருகிறது. என்ன செய்யணும்?

டோம்பிவிலி ஃபாஸ்ட் (கேள்வி)

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ரெண்டு கேள்வி.

ஒன்று: "உங்கள் மனம் புதிதாகிறதினாலே மறுரூபமாகுங்கள்" என்ற வசனத்துக்குக் கேட்கிற பிரசங்கமெல்லாம் "உலகத்தாரைப் போல இருக்காதீங்க, வேதம் வாசிங்க, ஜெபம் பண்ணுங்க" என்பதோடு நின்றுவிடுகிறது. காலையில் மூணு அதிகாரம் வாசித்து, ஜெபித்து, ரயில் ஏறினால் குர்லா வருவதற்குள் எரிச்சல். ஆபீஸில் பாதிப் பொய் ("ரிப்போர்ட் ரெடி சார், இதோ அனுப்பறேன்"). வாட்ஸப் ஸ்டேட்டஸில் சொந்தக்காரர் வாங்கின ஃபிளாட்டைப் பார்த்தால் வயிற்றெரிச்சல். வாசித்ததற்கும் இதற்கும் ஒட்டே இல்லை. கோளாறு எங்கே?

ரெண்டு: தோஹாவில் ஒரு வேலைக்கு ஆஃபர் வந்திருக்கு. சம்பளம் இங்கே வாங்குவதைவிட ரெண்டு மடங்குக்கு மேல். முதல் வருஷம் குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. பதில் சொல்ல மூணு வாரம் இருக்கு. புது வருஷ ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டை (வசனம் அச்சிட்ட அட்டை) எரேமியா 29:11, "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற வசனம். அதைத் தேவசித்தம் என்று எடுத்துக்கலாமா? சபையில் "மனசுல சமாதானம் இருந்தா போங்க பிரதர்" என்கிறார்கள். சமாதானம் காலையில் இருக்கு, ராத்திரி காணோம்.

நேரக் கணக்கு: வீட்டில் காலை 20 நிமிஷம். ரயிலில் தாதர் வரைக்கும் ஒரு மணி நேரத்துக்குக் கிட்ட, திரும்பி வர அதே அளவு. பொதுவான புத்திமதி வேண்டாம், படிப்படியாகச் சொல்லுங்க.

---

மாட்டுங்கா வாத்தியார்

தம்பி, முதல் கேள்விக்கு மட்டும் நான் வருகிறேன்.

12:2-ஐத் தனியாகப் பிடுங்கி எடுத்தால் அது வெறும் "நல்லவனாக இரு" ஆகிவிடும். 1:28-ல் பவுல் மனுஷனுடைய சிந்தை எப்படிக் கெட்டது என்று சொல்கிறார்: தேவனை அறியும் அறிவைப் பற்றிக்கொள்ள மனதில்லாததால் கேடான சிந்தைக்கு ஒப்புக்கொடுக்கப்பட்டார்கள். அங்கே கெட்டுப்போன அதே சிந்தைதான் 12:2-ல் புதிதாகிறது. நடுவில் இருக்கிற பதினொரு அதிகாரம் தேவனுடைய இரக்கங்கள். அதனால்தான் 12:1 "தேவனுடைய இரக்கங்களை முன்னிட்டு" என்று தொடங்குகிறது. வரிசையைக் கவனியுங்கள்: முதலில் சரீரத்தை ஒப்புக்கொடுத்தல், பிறகு மனம் புதிதாகுதல், அதற்கும் பிறகுதான் சித்தத்தைப் பகுத்தறிதல். நம்மில் பலர் மூன்றாவதை மட்டும் கேட்டுக்கொண்டு நிற்கிறோம். "சித்தத்தைக் காட்டும், பார்த்துவிட்டு ஒப்புக்கொடுப்பதா வேண்டாமா என்று சொல்கிறேன்" என்கிற பேரம் அது.

புதிதான மனம் எப்படி இருக்கும் என்பதையும் பவுல் ஊகத்துக்கு விடவில்லை. 12:3-லிருந்து அப்படியே வாசியுங்கள். தன்னைக்குறித்து மிஞ்சி எண்ணாமை, சந்தோஷப்படுகிறவர்களோடு சந்தோஷப்படுதல் (உங்கள் ஃபிளாட் வயிற்றெரிச்சலுக்கு நேர் பதில், வசனம் 15), பழிவாங்காமை, 13-ம் அதிகாரத்தில் வரி கட்டுவது, கடன்படாதிருப்பது, 14-ம் அதிகாரத்தில் சாப்பாட்டு விஷயத்தில் சகோதரனைக் குற்றவாளியாகத் தீர்க்காமை. தேவசித்தத்தில் முக்கால்வாசி இப்படிப் பட்டவர்த்தனமாக எழுதிக் கிடக்கிறது.

இப்போது உங்கள் 20 நிமிஷம். அதில் மூணு அதிகாரம் என்பது கண் ஓட்டம் மட்டுமே. வேதாகமத்தில் 1189 அதிகாரம். வாரநாளில் மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று போனால் வருஷத்துக்குள் முடியும் என்ற கணக்கில் வந்த பழக்கம் அது. பழக்கம் நல்லதுதான், அதை ரயிலுக்கு மாற்றுங்கள். ஒலி வேதாகமத்தில் ரோமர் முழுவதும் கேட்க ஏறக்குறைய ஒரு மணி நேரம். டோம்பிவிலியில் ஏறி ஹெட்ஃபோன் போட்டால் தாதர் வரும்போது பதினாறு அதிகாரமும் முடிகிற நிலையில் இருக்கும். வாசிக்கவே விருப்பம் என்றால் புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரம், வாரம் ஐந்து நாள், நாளைக்கு ஒன்று, சரியாக 52 வாரம்.

வீட்டு 20 நிமிஷத்துக்கு ஒரே ஒரு பத்தி எடுங்கள், ஐந்திலிருந்து எட்டு வசனம்.

முதல் ரெண்டு நிமிஷம்: சங்கீதம் 119:18-ஐ ("என் கண்களைத் திறந்தருளும்") ஜெபமாகச் சொல்லி உட்காருங்கள்.

அடுத்த நாலு நிமிஷம்: வாய்விட்டு ரெண்டு தடவை வாசிப்பு. கண்ணால் வாசித்தால் தெரிந்த வசனத்தை மனசு தாண்டிப் போய்விடும். "ஆகையால்", "படியால்", "ஏனெனில்" வரும் இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். கட்டளைக்குக் காரணம் அங்கேதான் ஒட்டியிருக்கும்.

அடுத்த எட்டு நிமிஷம்: பேனா. 1535-ல் மார்ட்டின் லூத்தர் தமக்கு முடிதிருத்துகிற பேதுருவுக்கு, எப்படி ஜெபிப்பது என்று எழுதிக் கொடுத்த முறை இதற்குப் போதும். ஒரு வசனத்தை நாலு தடவை திருப்புவது: இதில் எனக்குப் போதனை என்ன, ஸ்தோத்திரம் எதற்கு, அறிக்கையிட வேண்டியது என்ன, கேட்க வேண்டியது என்ன.

12:16-ஐ வைத்துச் செய்து காட்டுகிறேன். "மேட்டிமையானவைகளைச் சிந்தியாமல், தாழ்ந்தவர்களுக்கு இணங்குங்கள்." போதனை: யாரோடு பேசுகிறேன் என்பதை அவர்களுடைய பதவி தீர்மானிக்கக் கூடாது. ஸ்தோத்திரம்: ஆண்டவர் அடிமையின் ரூபமெடுத்து வந்தார். அறிக்கை: மேனேஜருடைய "குட் மார்னிங்"குக்கு எழுந்து நிற்கிறேன், டீ கொண்டுவருகிறவருக்குத் தலைகூட நிமிர்வதில்லை. விண்ணப்பம்: ஆட்களை எடைபோடுகிற புத்தியை எடுத்துப்போடும்.

பிறகு நாலு நிமிஷம் அதையே ஜெபமாக்குங்கள். கடைசி ரெண்டு நிமிஷத்தில் ஒரு வரி எழுதணும். ஆள், நேரம், செயல் மூன்றும் அதில் இருக்கணும். "இன்று நாலு மணிக்கு டீ தருகிறவரிடம் பெயர், ஊர் கேட்பது." "தாழ்மையாக இருப்பேன்" என்று எழுதினால் அது வரி இல்லை, ஆசை. யாக்கோபு 1:22-24 சொல்கிற கண்ணாடி பார்த்துவிட்டுப் போகிற ஆள் அப்படித்தான் உருவாகிறான்.

---

சயான் அக்கா

வாத்தியார் ஐயா சொன்னது அஸ்திவாரம். எரிச்சல், பொய், பொறாமை மூணையும் எப்படிக் கையாள்வது என்று நான் சொல்றேன். முதல் விதி: மூணையும் ஒண்ணா எடுக்காதீங்க. ஆறு வாரத்துக்கு ஒண்ணே ஒண்ணு. மூணும் சேர்த்து எடுக்கிறவங்க பத்தாவது நாளே நோட்டை மூடிடறாங்க. உங்க மூணுல பொய்யை முதல்ல எடுங்க. அது நடந்ததா இல்லையான்னு துல்லியமாத் தெரியும். எரிச்சலுக்கு அளவுகோல் கிடையாது.

எபேசியர் 4:22-24-ல வரிசை இருக்கு: களைந்துபோடுதல், உள்ளத்திலே புதிதாகுதல், தரித்துக்கொள்ளுதல். உடனே 25-லிருந்து பவுல் உதாரணம் கொடுக்கிறார். திருடுகிறவனைப் பாருங்க (வசனம் 28). திருடாதே என்பதோட விடலை. கையால வேலை செய், அதுல குறைச்சலுள்ளவனுக்குக் கொடு என்கிறார். எடுக்கிற கை கொடுக்கிற கையாகணும். நாம பெரும்பாலும் களைகிறதோட நின்னுடறோம். மத்தேயு 12:43-45-ல பெருக்கி வச்ச காலி வீட்டுக்கு என்ன ஆச்சுன்னு தெரியும்தானே? போன ஆவி இன்னும் ஏழு ஆவிகளோட திரும்பி வந்துடுச்சு.

நோட்டுல ஒரு பக்கத்தை நாலு கட்டமாப் பிரிங்க.

முதல் கட்டம், நடந்தது: மேனேஜர் கேட்டார், "ரெடி"ன்னு சொல்லிட்டேன்.

ரெண்டாவது, அந்த நொடி நான் நம்பினது என்ன: "முடியலைன்னு சொன்னா என் மதிப்பு போயிடும்." இந்தக் கட்டம்தான் உயிர். இதை நிரப்பாம வசனத்துக்குத் தாவினா, பொய்யே சொல்லக் கூடாதுன்னு ஒரு சட்டம் மட்டும் மிஞ்சும். பயம் அப்படியே உள்ள இருக்கும்.

மூணாவது, அந்த நம்பிக்கைக்கு வேதம் சொல்ற பதில்: நீதிமொழிகள் 29:25, "மனுஷனுக்குப் பயப்படும் பயம் கண்ணியை வருவிக்கும், கர்த்தரை நம்புகிறவனோ உயர்ந்த அடைக்கலத்திலே வைக்கப்படுவான்." பொய்யைப் பத்தின வசனத்தைவிட பயத்தைப் பத்தின வசனம் இங்கே வேலை செய்யும், ஏன்னா வேர் பயம்.

நாலாவது, தரித்துக்கொள்றது: வாயில வரவேண்டிய வாக்கியத்தை முன்கூட்டியே எழுதி வைக்கணும். "சார், பாதிதான் முடிஞ்சிருக்கு. நாளைக்கு மதியம் பன்னிரண்டுக்கு அனுப்பறேன்." இதை வீட்டுல வாய்விட்டு நாலு தடவை சொல்லிப் பாருங்க. நெருக்கடியில நாக்குக்குப் பழகினதுதான் வெளியே வரும். தவறி "ரெடி"ன்னு சொல்லிட்டா அன்னிக்கே போய்த் திருத்தணும்: "சார், நான் ரெடின்னு சொன்னது சரியில்ல." ரெண்டு மூணு தடவை இப்படித் திருத்தினா அந்த வெட்கமே அடுத்த பொய்க்குத் தடையா நிக்கும்.

பொறாமைக்கு ஒரு வார்த்தை. ஸ்டேட்டஸை மியூட் பண்றது வேலி, அவ்வளவுதான். மருந்து ரோமர் 12:15. அவங்களுக்கு ஃபோன் போட்டு வீட்டைப் பத்தி ரெண்டு கேள்வி கேளுங்க, பேர் சொல்லி அந்த வீட்டுக்காக ஜெபம் பண்ணுங்க. சும்மா "காங்கிராட்ஸ்" ஸ்டிக்கர் அனுப்பினா மனசு அசையாது.

வசன மனப்பாடம்: வாரத்துக்கு ஒண்ணு, அதுக்கு மேல வேண்டாம். அரை போஸ்ட்கார்டு அளவு அட்டை. ஒரு பக்கம் முழு வசனம், மறுபக்கம் இருப்பிடமும் முதல் எழுத்துகளும் மட்டும்: "நீதி 29:25: ம ப ப க வ". முதல் வாரம் தினமும், அடுத்த ரெண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு ரெண்டு மாசம் வாரம் ஒருமுறை, அப்புறம் மாசம் ஒருமுறை. அதிகாரமும் வசன எண்ணும் முன்னாலயும் பின்னாலயும் சொல்லணும். அட்டையைப் பார்த்துப் படிக்கிறது மனப்பாடம் இல்லை. பார்க்காம இழுத்துப் பார்த்து, தடுக்கினா மட்டும் பார்க்கணும். அந்தத் தடுமாற்றத்துலதான் வசனம் பதியுது.

பீக் ஹவர்ல கையே மேல தூக்க முடியாது, அட்டை எடுக்கிற பேச்சே இல்லை. முதல் எழுத்துகளை ஃபோன் லாக் ஸ்கிரீன்ல போட்டுடுங்க. தானே ஸ்டேஷன் தாண்டினதும் ஹெட்ஃபோனை நிறுத்திட்டு காட்கோபர் வரை பழைய வசனம், அங்கிருந்து குர்லா வரை இந்த வார வசனம். உங்க எரிச்சல் குர்லாவுலதான் வருதுன்னு சொன்னீங்களே, அதுக்காகத்தான் இந்தக் கணக்கு.

---

ஜெபவீரன் தாராவி

சகோதரர்களே, மன்னிக்கணும். கட்டம், அட்டை, நிமிஷக் கணக்கு... இதெல்லாம் மாம்சத்தின் முயற்சி மாதிரி இருக்கு. தீத்து 3:5 "பரிசுத்த ஆவியினுடைய புதிதாக்குதல்" என்கிறது. புதிதாக்குவது அவர் வேலை. உபவாசித்து முழங்காலில் நில்லுங்க, அவர் செய்வார்.

---

மாட்டுங்கா வாத்தியார்

செய்கிறவர் அவர் என்பதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் பிலிப்பியர் 2:12-13-ஐச் சேர்த்துப் பாருங்கள்: "பயத்தோடும் நடுக்கத்தோடும் நிறைவேறப் பிரயாசப்படுங்கள்", அடுத்த வசனமே "தேவனே ... உங்களில் உண்டாக்குகிறவராயிருக்கிறார்". அவர் செய்கிறபடியால்தான் நாம் பிரயாசப்படுகிறோம். எபிரெயர் 5:14-ல் நன்மை தீமையைப் பகுத்தறியும் ஞானேந்திரியங்கள் "முயற்சியினால் பயின்ற"வை என்றே இருக்கிறது. உபவாசத்தை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுவும் நேரம் குறித்துச் செய்கிற ஒரு பயிற்சிதானே, சகோதரரே?

நீங்கள் சொல்வதில் எடுத்துக்கொள்ள வேண்டிய எச்சரிக்கை ஒன்று உண்டு. கட்டம் நிரம்பியதைப் பார்த்துத் தன்னைத்தானே மெச்சிக்கொள்ள ஆரம்பித்தால் அது லூக்கா 18-ல் வாரத்தில் இரண்டுதரம் உபவாசித்த பரிசேயனுடைய நோட்டு ஆகிவிடும். அதற்காகத்தான் நாலு திருப்பலில் அறிக்கை வைத்திருக்கிறது.

---

செம்பூர் ஜோ

நான் கத்தோலிக்கன், எங்கள் வழக்கத்திலிருந்து ஒன்று. காலையில் விதைப்பதைப் பற்றி எல்லாரும் பேசினீர்கள். இரவில் நாளைத் திரும்பிப் பார்ப்பதை யாரும் சொல்லவில்லை. புனித இஞ்ஞாசியார் (1491–1556) வகுத்த ஆன்ம சோதனைக்கு ஐந்து படி. அன்றைய நன்மைகளுக்கு நன்றி, என் பாவத்தைக் காண அருள் கேட்பது, எழுந்ததிலிருந்து இந்த நேரம்வரை மணி மணியாக எண்ணம், சொல், செயல் மூன்றையும் பார்ப்பது, மன்னிப்புக் கேட்பது, நாளைக்கு ஒரு தீர்மானம். பத்து நிமிடம் போதும். திரும்பி வரும் ரயிலில் தானே ஸ்டேஷன் தாண்டியதும் கூட்டம் கொஞ்சம் இளகும், அங்கேயே செய்யலாம். படுக்கையில் வைத்துக்கொண்டால் இரண்டாவது படியிலேயே தூக்கம் வந்துவிடும்.

ஒரே குறையைக் குறிவைப்பதற்கும் அவர் முறை வைத்திருக்கிறார். நாளுக்கு இரண்டு கோடு. மதியம் வரை விழுந்தது முதல் கோட்டில் புள்ளியாக, மாலை வரை விழுந்தது இரண்டாவதில். கோட்டுக்குக் கோடு, நாளுக்கு நாள், வாரத்துக்கு வாரம் ஒப்பிடுவது. அக்கா சொன்ன "ஆறு வாரம் ஒன்றே ஒன்று"க்கு அப்படியே பொருந்தும். புள்ளி கூடும் நேரத்தைக் கவனியுங்கள். பெரும்பாலும் ஒரே ஆள், ஒரே மணி, அல்லது சாப்பிடாத நேரம் என்று தெரிந்துவிடும்.

காலையில் சமாதானம், இரவில் இல்லை என்பதற்கும் அவரிடம் ஒரு விதி உண்டு: மனம் வறண்டு இருண்டிருக்கும் வேளையில், முன்பு தெளிவாக இருந்தபோது எடுத்த முடிவை மாற்றாதே. ராத்திரி பதினொன்றரைக்கு ஆஃபர் லெட்டரைத் திறக்காதீர்கள்.

---

பெரோயாக்காரன்

ரெண்டாம் கேள்விக்கு வருவோம்.

எரேமியா 29:11 உங்களுக்கு எழுதின ஆஃபர் லெட்டர் இல்லை. அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா அனுப்பிய நிருபத்தில் வருகிறது. முந்தின அதிகாரத்தில் அனனியா ரெண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வரும் என்று ஜனங்களைக் குஷிப்படுத்துகிறான். எரேமியாவோ 29:10-ல் எழுபது வருஷம் என்கிறார். கேட்டவர்களில் பெரியவர்கள் அநேகர் அதைக் கண்ணால் பார்க்கப் போவதில்லை. அதுவரை? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் (5-7). அட்டையில் 11 மட்டும் அச்சாகிறது. 7-ஐ யாரும் அட்டையில் போடுவதில்லை. தேவன் தம் ஜனத்தை மறக்கவில்லை என்ற ஆறுதலை அதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். விமான டிக்கெட்டை எடுக்காதீர்கள்.

"சமாதானம் இருந்தா போங்க" என்பதும் தனியாக நிற்காது. யோனா கர்த்தரை விட்டு ஓடுகிற கப்பலில் அயர்ந்த நித்திரை பண்ணினான். கெத்செமனேயில் ஆண்டவர் பிதாவின் சித்தத்தின் நடுவில் நின்றபோது வியர்வை இரத்தத்தின் பெருந்துளிகளாய் விழுந்தது. திறந்த வாசல்? துரோவாவில் பவுலுக்கு வாசல் திறந்தே இருந்தது. தீத்துவைக் காணாமல் ஆவிக்கு அமைதலில்லாததால் மக்கெதோனியாவுக்குப் போய்விட்டார் (2 கொரிந்தியர் 2:12-13). கிதியோன் தோல்மேல் மட்டும் பனி பெய்யட்டும் என்று கேட்ட அடையாளமும் வழிகாட்டுதலுக்குக் கேட்டதில்லை. வார்த்தை ஏற்கெனவே தெளிவாக வந்த பிறகு நம்பமுடியாமல் கேட்டது.

மூணு வாரத்தை இப்படிப் பிரியுங்கள்.

முதல் வாரம், எழுதியிருப்பதைப் பாருங்கள். உங்கள் விஷயத்தில் நேரடியாகப் பேசுகிற வசனம் 1 கொரிந்தியர் 7:5. கணவன் மனைவி பிரிந்திருப்பது இருவர் சம்மதத்தோடு, சிலகாலத்துக்கு மட்டும் என்கிறது; அதுவும் ஜெபத்துக்காகச் சொன்ன விதிவிலக்கு, சம்பளத்துக்காக அல்ல. ஆகவே மனைவியின் சம்மதம் "கேட்டுக்கலாம்" ரகத்தில் வராது. "நீங்க சொன்னா சரிங்க" என்பதைச் சம்மதம் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். பயப்படுகிற மூணு விஷயத்தை அவர்களையே எழுதச் சொல்லுங்கள். அடுத்து 1 தீமோத்தேயு 5:8, வீட்டாரை விசாரிப்பது. இங்கே உண்மையிலேயே கடன், வைத்தியச் செலவு இருந்தால் இந்த வசனம் போவதற்கு ஆதரவாகவே பேசும். பிறகு அதே நிருபத்தில் 6:9-10, பண ஆசை பற்றிய எச்சரிக்கை. மூன்றையும் ஒரே தாளில் எழுதுங்கள், பிடித்ததை மட்டும் எழுதாதீர்கள்.

ரெண்டாம் வாரம், நோக்கமும் ஆலோசனையும். பிரிஸ்டலில் அநாதை இல்லங்கள் நடத்திய ஜார்ஜ் முல்லர் (1805–1898), தேவசித்தம் அறிவதில் பத்தில் ஒன்பது பங்கு சிரமம் முதல் படியில்தான் என்பார்: அந்த விஷயத்தில் நம் இருதயத்துக்குச் சொந்த விருப்பம் இல்லாத நிலைக்கு வருவது. அதைச் சோதிக்க ரெண்டு கேள்வி. இந்த வேலை இதே சம்பளத்தில், ஆனால் சொந்தக்காரர் யாருக்கும் தெரியவே தெரியாது என்றால் போவீர்களா? "போகாதே" என்ற பதில் வந்தால் ஒரு மாசத்துக்குள் கசப்பில்லாமல் இருப்பீர்களா? ரெண்டாவதுக்கு இல்லை என்றால் இன்னும் ஜெபிக்க வேண்டியது ஆஃபருக்காக அல்ல, உங்களுக்காக.

ஆலோசனைக்கு மூணு பேர் (நீதிமொழிகள் 11:14): உங்களை நன்றாக அறிந்த மூப்பர் ஒருவர், வளைகுடாவில் குடும்பத்தைப் பிரிந்து வேலை செய்துவிட்டு வந்தவர் ஒருவர், உங்களை மறுத்துப் பேசத் தயங்காதவர் ஒருவர். மூணு பேருக்கும் ஒரே தகவலைக் கொடுங்கள். பாஸ்டரிடம் "ஊழியத்துக்கு உதவியா இருக்கும்" என்றும் மச்சானிடம் "வீடு வாங்கிடலாம்" என்றும் சொல்லி வாங்குகிற சம்மதம் செல்லாது.

மூணாம் வாரம், ஒரு தேதி வைத்து முடிவெடுங்கள். கட்டளை எதையும் மீறவில்லை, மனைவி மனப்பூர்வமாகச் சம்மதிக்கிறார், ஆலோசனைக்காரர் தடுக்கவில்லை என்றால் போவதும் இருப்பதும் ரெண்டும் உங்கள் சுயாதீனத்துக்குள் இருக்கலாம். விதவை மறுமணம் செய்வதைப் பற்றிப் பவுல் "தனக்கு இஷ்டமானவனாயும் கர்த்தருக்குட்பட்டவனாயும்" என்றே வரம்பு வைக்கிறார் (1 கொரிந்தியர் 7:39). ஆளின் பெயரைச் சொல்லவில்லை. யாக்கோபு 4:15 போல "ஆண்டவருக்குச் சித்தமானால்" என்று சொல்லிக் கையெழுத்துப் போடலாம், அல்லது மறுக்கலாம். பின்னால் கஷ்டம் வந்தால் "தப்பான முடிவு" என்று உடனே தீர்க்காதீர்கள். அப்போஸ்தலர் 16-ல் தரிசனம் பார்த்து, கூடியிருந்தவர்களோடு நிச்சயித்துப் போன பவுல், பிலிப்பியில் போய் விழுந்தது தொழுமரத்தில்.

---

டோம்பிவிலி ஃபாஸ்ட்

இவ்வளவு விவரமா எதிர்பார்க்கலை, நன்றி. ஒரு சந்தேகம். வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும்போது அது மந்திரம் மாதிரி ஆயிடுது, அர்த்தமே ஏறலை. அதோட, தப்பான எண்ணம் வந்ததும் 2 கொரிந்தியர் 10:5 சொல்லி "சிறைப்படுத்த"ப் பார்த்தா அந்த எண்ணம் இன்னும் பலமா வருது.

---

சயான் அக்கா

முதலுக்கு: மத்தேயு 6:7 அதைத்தான் எச்சரிக்குது. வசனத்தை உங்க வீட்டுப் பேச்சுல ஒரு தடவை சொல்லுங்க, பக்கத்து வீட்டு அண்ணாச்சிக்குச் சொல்ற மாதிரி. சொல்ல வரலைன்னா புரியலை. முன்னும் பின்னும் மூணு மூணு வசனம் வாசிங்க. புதன்கிழமை அன்னிக்கு அந்த வார வசனத்தை மனப்பாடமாச் சொல்லாம, உங்க சொந்த வார்த்தையில மட்டும் சொல்லிப் பாருங்க.

---

ஆற்றுப்படுத்துநர் முலுண்ட்

ரெண்டாவதுக்கு நான் பதில் சொல்கிறேன். ஒரு எண்ணத்தை நினைக்கவே கூடாது என்று அமுக்கினால், அது வந்துவிட்டதா என்று மனம் சோதித்துக்கொண்டே இருக்கும். அந்தச் சோதனையே அதைத் திரும்பக் கொண்டுவரும். அந்த வசனத்தின் சந்தர்ப்பமும் வேறு. பவுல் அங்கே பேசுவது தேவனை அறிகிற அறிவுக்கு விரோதமாய் எழும்புகிற தர்க்கங்களைப் பற்றி. மனதில் மின்னி மறைகிற ஒவ்வொரு நினைப்பையும் துரத்திப் பிடிப்பது பற்றி அல்ல. வந்த எண்ணத்தைப் பெயர் சொல்லி ஒத்துக்கொண்டு ("பொறாமை வந்திருக்கு"), ஒரு வரி ஜெபித்து, கையில் இருக்கும் வேலைக்குத் திரும்புங்கள். பிலிப்பியர் 4:8 சொல்வதும் எதைச் சிந்திப்பது என்றுதான்.

பொதுவாக வாசிக்கிறவர்களுக்கும் சேர்த்து: தேவதூஷணமான எண்ணம் விடாமல் வந்து, அதற்காக ஒரே ஜெபத்தை எண்ணி எண்ணிச் சொல்லவேண்டியிருக்கிறது, "மன்னிப்பு கிடைத்ததா" என்று பலரிடம் திரும்பத் திரும்பக் கேட்கவேண்டியிருக்கிறது என்றால் அது விசுவாசக் குறைவு அல்ல. எண்ணச் சுழல் நோயாக (OCD) இருக்கலாம், சிகிச்சை உண்டு. மனநல மருத்துவரைப் பாருங்கள். ரெண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி, எதிலும் ஆர்வம் இல்லாமல் போனாலும் அப்படியே. மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416 கட்டணமில்லாதது, தமிழிலும் பேசலாம். 1 இராஜாக்கள் 19-ல் சாகவேண்டும் என்று சொன்ன எலியாவுக்குத் தூதன் முதலில் கொடுத்தது உபதேசம் இல்லை. தழலில் சுட்ட அடை, தண்ணீர், தூக்கம், மறுபடி சாப்பாடு.

உங்கள் கணக்கில் தூக்கம் எத்தனை மணி என்று எழுதவில்லை. ஐந்து மணிதான் என்றால் குர்லா எரிச்சலுக்குப் பாதி விடை அங்கே இருக்கிறது.

---

பெரோயாக்காரன்

தோஹா விஷயத்தில் ஒன்று விட்டுப்போச்சு. "ரெண்டு மடங்கு" என்று ஆலோசனைக்காரரிடம் சொல்வதற்கு முன் கையில் மிஞ்சுவது எவ்வளவு என்று பாருங்கள். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, வீட்டுப் படி எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். கத்தாரில் பணி முடிவில் வரும் பணிக்கொடை அடிப்படைச் சம்பளத்தின் மேல்தான் கணக்கு. படிகளை ஏற்றி அடிப்படையைக் குறைத்திருந்தால் அங்கே அடி விழும். வருஷத்துக்கு எத்தனை டிக்கெட், ஒரு வருஷம் கழித்துக் குடும்ப விசாவுக்கு நிறுவனம் உதவுமா, ரெண்டையும் எழுத்தில் வாங்குங்கள். "பிறகு பார்க்கலாம்" என்றால் அதை "இல்லை" என்று எடுத்துக்கொண்டு மனைவியிடம் சொல்லுங்கள். அங்கே வாடகை, சாப்பாடு, இங்கே வீட்டுச் செலவு, ரெண்டு அடுப்பு எரிகிற கணக்கைக் கழித்துவிட்டு வருகிற தொகைதான் லூக்கா 14:28 சொல்கிற செல்லுஞ்செலவு. எவ்வளவு சேர்ந்தால் திரும்புவது என்ற தொகையையும் இப்போதே எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். அது இல்லாமல் போகிறவர்களுக்கு ஒரு வருஷம் ஆறு வருஷமாகிறது.

ஆராதனை பற்றிக் கவலைப்பட்டால், தோஹாவில் கிறிஸ்தவ ஆலயங்களுக்கென்று ஒதுக்கிய வளாகம் உண்டு. வார விடுமுறை வெள்ளி, சனி என்பதால் பெரிய ஆராதனைகள் வெள்ளிக்கிழமையில் நடக்கும். உங்கள் ஷிஃப்டில் வெள்ளி விடுமுறையா என்பதையும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.